தேதி இல்லாத நோய்

படிவத்தின் ஒரு கட்டத்துக்கு வந்ததும் என் பேனா நின்றுவிட்டது. இந்தக் குறைபாடு ஏறத்தாழ எந்தத் தேதியில் தொடங்கியது அல்லது மோசமடைந்தது என்று அந்தக் கட்டம் கேட்டது. எதிரே உட்கார்ந்திருந்த அண்ணனிடம் கேள்வியைப் படித்துக் காட்டினேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அது எனக்குத் தெரிந்திருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போயிருப்பேனே, தம்பி" என்றார். கடைசியில் நோய் கண்டுபிடிக்கப்பட்ட நாளையே அங்கே எழுதினோம். 2019-ஆம் ஆண்டின் அந்தத் தேதி உண்மையான தேதிதான். ஆனால் கேட்கப்பட்ட கேள்விக்கு அது விடை இல்லை என்பது எங்கள் இருவருக்குமே தெரிந்திருந்தது. அந்தக் கட்டத்தை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. அமெரிக்க முன்னாள் படைவீரர் ஒருவர் கண் அழுத்த நோயான கிளாக்கோமாவுக்காக ஊனமுற்றோர் இழப்பீடு கேட்கும்போது படுகிற பாடு முழுவதும் அந்த ஒரு கட்டத்துக்குள் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

அண்ணன் என்பவர் என் பெரியப்பாவின் மகன். கிரீன் கார்டு பெற்று இங்கே வந்த சில ஆண்டுகளில், 1998-இல், தரைப்படையில் சேர்ந்தார். சரக்கு வாகனப் பிரிவில் வேலை. 2003-இல் அவருடைய பிரிவு இராக்குக்குப் போனது. பாக்தாதுக்கு வடக்கே பலாத் என்னும் இடத்தில் இருந்த பெரிய தளத்திலிருந்து லாரிகளில் பொருள்கள் புறப்படும். அவற்றை ஏற்றுவதும் கட்டுவதும் ஓட்டுவதும் அவர்கள் பொறுப்பு. 2006-இல் படையிலிருந்து விலகி, டெக்சாஸில் லாரி ஓட்டத் தொடங்கினார். படையில் கற்ற தொழிலே பிழைப்பாயிற்று. 2019-இல் கண்ணாடியை மாற்றலாம் என்று கடைக்குப் போனபோது, வழக்கமான சோதனையில் வலக்கண்ணின் அழுத்தம் 34 என்றும் இடக்கண்ணின் அழுத்தம் 22 என்றும் வந்தது. இயல்பான அளவு 10 முதல் 21 வரை. எழுத்துப் பலகையில் இரண்டு கண்களாலும் கடைசி வரிக்கு முந்தைய வரியைத் தடையில்லாமல் படித்த ஒருவருக்கு, வலக்கண்ணின் பார்வை நரம்பில் பெரும்பகுதி போய்விட்டது என்று அன்றைக்குச் சொன்னார்கள்.

இந்த நோயைப் பற்றி அறியாதவர்களுக்கு இது நம்ப முடியாததாக இருக்கும். பார்வை நரம்பில் ஏறத்தாழ பத்து இலட்சம் இழைகள் இருக்கின்றன. கிளாக்கோமாவில் அவை ஆண்டுக்கணக்கில், சிறிது சிறிதாக, வலியோ சிவப்போ இல்லாமல் அழிகின்றன. முதலில் போவது ஓரப்பார்வை. நடுப்பார்வை கடைசிவரை நிற்கும். ஒரு கண் இழந்ததை மறு கண் ஈடு செய்கிறது. இரண்டும் இழந்ததை மூளை சுற்றியுள்ள காட்சியைக் கொண்டு ஒட்டுப்போட்டு மறைத்துவிடுகிறது. இழந்த இடம் கறுப்பாகத் தெரிவதில்லை. அது தெரியாமலே போய்விடுகிறது. அண்ணன் 2016 வாக்கிலிருந்தே வீட்டுக் காரின் வலப்பக்கத்தைத் தூண்களில் உரசிக்கொண்டிருந்தார், அண்ணி கடிந்துகொள்வார், கவனக்குறைவு என்றே எல்லோரும் நினைத்தோம். இப்போது அந்தக் கீறல்களை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. நோய் எங்களுக்கு எழுதிய கடிதங்கள் அவை மட்டுமே. படிக்கத் தெரியாமல் பெயிண்ட் அடித்து மூடினோம்.

சட்டம் கேட்பது மூன்று. இப்போது குறைபாடு இருக்க வேண்டும். படைப்பணியின்போது ஒரு காயமோ நோயோ நிகழ்வோ நேர்ந்திருக்க வேண்டும். அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்க வேண்டும். மூன்றாவதைத்தான் இந்தத் துறையில் பழகியவர்கள் 'நெக்ஸஸ்' என்று சொல்கிறார்கள். குண்டுத் துணுக்கு பட்ட காலுக்கு இந்த மூன்றும் ஒரே நாளில் அமைந்துவிடும். கிளாக்கோமாவுக்கோ முதல் ஒன்று மட்டுமே கண்ணுக்குத் தெரியும். மற்ற இரண்டும் பின்னோக்கிப் போய்த் தேட வேண்டியவை. தேடக்கூடிய பாதைகளும் பலவாக இருக்கின்றன. ஏற்கெனவே பணித்தொடர்புடையது என்று ஏற்கப்பட்ட ஆஸ்துமாவுக்கோ மூட்டு நோய்க்கோ நெடுங்காலம் ஸ்டீராய்டு எடுத்து, அதனால் கண் அழுத்தம் ஏறியிருந்தால், கிளாக்கோமாவை அதன் விளைவாகக் காட்டிக் கோரலாம். போர்க்காலத்தில் வியட்நாமில் பணிபுரிந்தவர்கள் அங்கே தெளிக்கப்பட்ட ஏஜென்ட் ஆரஞ்ச் என்னும் களைக்கொல்லிக்கு ஆட்பட்டவர்களாகக் கொள்ளப்படுவதால், அவர்களுக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவு பணித்தொடர்புடையதாகவே கருதப்படுகிறது; அந்த நீரிழிவு விழித்திரையைக் கெடுத்து அதன் வழியே கிளாக்கோமா வந்திருந்தால் அதையும் தொடர்ச்சியாகக் கேட்கலாம். அண்ணனுக்கு இவை எதுவும் பொருந்தவில்லை. அவருக்கு நீரிழிவு இல்லை, ஸ்டீராய்டு எடுத்ததில்லை. ஆகவே 2020-இல் முன்னாள் படைவீரர் நலத்துறைக்கு முதல் கோரிக்கையை அனுப்பியபோது, 'கிளாக்கோமா, இரு கண்களும்' என்று மட்டும் எழுதி, மருத்துவப் பதிவுகளை இணைத்துவிட்டு, நோயின் கடுமையைப் பார்த்தாலே புரிந்துகொள்வார்கள் என்று நம்பினோம்.

அந்த நம்பிக்கை தவறானது. நோயின் கடுமை விழுக்காட்டைத்தான் தீர்மானிக்கும்; உரிமையைத் தீர்மானிக்காது. ஒப்பந்த அடிப்படையில் சோதனை நடத்தும் ஒரு கண் மருத்துவரிடம் அண்ணனை அனுப்பினார்கள். அவர் அழுத்தத்தை அளந்தார், கண்ணின் பின்புறத்தைப் பார்த்தார், கண் எவ்வளவு அகலம் வரை பார்க்கிறது என்று காட்டும், மருத்துவமனைகளில் வழக்கமாக எடுக்கும் இருபத்துநான்கு டிகிரிப் பார்வைப் புலப் படத்தை எடுத்தார், இருபது நிமிடத்தில் அனுப்பிவிட்டார். பிறகு வந்த மறுப்புக் கடிதத்தில் அவருடைய கருத்து இரண்டு வரிகளில் மேற்கோளாக இருந்தது. இது வயதாலும் பரம்பரையாலும் வருகிற, திறந்தகோணம் என்னும் வழக்கமான வகைக் கிளாக்கோமா. படைப்பணியில் கிளாக்கோமா இருந்ததற்கான பதிவு இல்லை. விலகும்போது எடுத்த சோதனையில் பார்வை 20/20, அதாவது எழுத்துப் பலகையில் குறையில்லாத பார்வை. ஆகவே பணித்தொடர்பு இருப்பதற்கான வாய்ப்பு, இல்லாமல் இருப்பதற்கான வாய்ப்பைவிடக் குறைவு. அந்தக் கடிதத்தை எழுதிய அலுவலரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் முன்னே இருந்த தாள்களில் அதற்கு மேல் எதுவும் இல்லை. ஆனால் 20/20 என்ற அந்த எண்ணைக் காரணமாகக் காட்டியிருந்தது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அதே கிளாக்கோமா முற்றிய நிலையில் கண்டுபிடிக்கப்பட்ட அன்றைக்கும் அவருடைய பார்வை 20/20-தான். எழுத்துப் பலகை காட்டாத ஒரு நோய் இல்லை என்பதற்கு எழுத்துப் பலகை எப்படிச் சாட்சியாகும்?

கண் எழுதி வைத்த பதிவு

மறுப்பு வந்த பிறகு அண்ணன் சோர்ந்துபோனார். "விட்டுவிடு தம்பி, சொட்டு மருந்து போடுகிறேன், பிழைத்துக்கொள்கிறேன்" என்று இரண்டு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். வழக்குக்காக வேறு மருத்துவரைத் தேடிப் போகவில்லை. சொட்டு மருந்து போட்டும் வலக்கண்ணின் அழுத்தம் போதிய அளவு குறையாததால், கிளாக்கோமாவில் மட்டும் தேர்ச்சி பெற்ற ஒரு மருத்துவரிடம் அவரை அனுப்பினார்கள். நானும் உடன் போனேன். அந்த அம்மையார் பழைய கோப்பைத் திறக்கும் முன்பே அண்ணனின் கண்ணில் மரப்புச் சொட்டு விட்டு, உள்ளே சிறு கண்ணாடிகள் பதித்த ஒரு லென்ஸைக் கண்மீது வைத்து, ஒளியைச் செலுத்தி மெதுவாகச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கோனியோஸ்கோப்பி என்று அதற்குப் பெயர். இடக்கண்ணைப் பார்த்தார். மீண்டும் வலக்கண்ணுக்கு வந்தார். பிறகு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, "இந்த வலக்கண்ணில் எப்போது அடிபட்டது?" என்று கேட்டார்.

எப்போதாவது அடிபட்டதா என்று அவர் கேட்கவில்லை. எப்போது என்றே கேட்டார். அந்த அறையின் அரையிருட்டில் அண்ணனின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவர் தயங்கித் தயங்கிச் சொல்லத் தொடங்கினார். 2003-ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில், பலாத் தளத்தில், லாரியின் மேல் சரக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தபோது பட்டை அறுந்து, அதன் முனையில் இருந்த இரும்புக் கொக்கி வலக்கண்ணில் அடித்திருக்கிறது. கண்ணுக்குள் இரத்தம் தேங்கி, சிவப்புத் திரை போட்டதுபோல் பார்வை மங்கியிருக்கிறது. முதலுதவி முகாமில் கண்ணைக் கட்டி, தலையை உயர்த்திப் படுக்க வைத்து, சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள். ஐந்து நாளில் இரத்தம் வடிந்து பார்வை முழுவதும் திரும்பிவிட்டது. அவர் லாரிக்குத் திரும்பிவிட்டார். அவரைப் பொறுத்தவரை அந்தக் கதை அங்கே முடிந்துபோனது. கால் போனவர்களும் உயிர் போனவர்களும் இருந்த இடத்தில், ஐந்து நாளில் குணமான ஒரு கண்காயத்தைப் பேசுவது அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது. எனக்கோ அண்ணிக்கோகூட அவர் அதைச் சொன்னதில்லை.

மருத்துவர் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். கண்ணின் முன்பகுதியில் ஒரு நீர் ஓயாமல் சுரந்து ஓயாமல் வடிகிறது. கார்னியாவும் நிறத்திரையான ஐரிஸும் சந்திக்கும் கோணத்தில், வட்டம் முழுவதும், அதற்கான வடிகால் இருக்கிறது. கண்ணில் பலமான அடி விழும்போது உள்ளே இருக்கும் நீர் ஒரு கணம் பின்னோக்கித் தள்ளப்பட்டு, அந்தக் கோணத்தில் இருக்கும் சிலியரி தசையைக் கிழித்துவிடுகிறது. இரத்தம் தேங்குவது பெரும்பாலும் அந்தக் கிழிசலின் அடையாளம். இரத்தம் வற்றிவிடும், கிழிசல் தழும்பாகும், கிழிபட்ட இடத்தில் கோணம் இயல்பைவிட அகலமாக, உள்வாங்கி நிற்கும். அடுத்துள்ள வடிகாலும் சேதப்பட்டிருந்தால், ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் நுண்துளைகள் இறுகி, நீர் வடிய வழியில்லாமல் அழுத்தம் ஏறும். பத்து ஆண்டுகள் கழித்தும் ஏறும், இருபது ஆண்டுகள் கழித்தும் ஏறும். வட்டத்தில் பாதிக்கு மேல் கிழிந்திருந்தால் அந்த ஆபத்து அதிகம். அண்ணனின் வலக்கண்ணில் முக்கால் வட்டம் கிழிந்திருந்தது. வெளியிலிருந்து எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இது தெரியாது. அந்த லென்ஸை வைத்தால் மட்டுமே தெரியும். முதல் சோதனையில் அந்த லென்ஸ் வைக்கப்படவே இல்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் நாங்கள் இருவரும் அதிகம் பேசவில்லை. நான் காரை ஓட்டினேன். நோய்க்குத் தேதி இல்லை என்று இரண்டு ஆண்டுகளாக எண்ணிக்கொண்டிருந்தேன். பதினெட்டு ஆண்டுகளாக அவர் கண்ணுக்குள்ளேயே அந்தத் தேதி தழும்பாக இருந்திருக்கிறது. தாள்கள் தொலையலாம், மனிதர் மறக்கலாம், கூச்சப்பட்டுச் சொல்லாமல் விடலாம். உடல் தன் பங்குக்குக் குறித்து வைத்திருந்தது. அன்று இரவு அவருடைய படைக்கால மருத்துவப் பதிவுகளின் குறுந்தகட்டை முதல் பக்கத்திலிருந்து மீண்டும் பார்த்தோம். முந்நூறுக்கும் மேற்பட்ட பக்கங்கள். தடுப்பூசிக் குறிப்புகளுக்கும் முதுகுவலிச் சீட்டுகளுக்கும் நடுவே, கையெழுத்தில், சாய்ந்துபோன ஒரே வரி கிடைத்தது. வலக்கண்ணில் அடி, பணிக்குத் திரும்பினார் என்று அதில் இருந்தது. இரத்தம் தேங்கியதைப் பற்றிய குறிப்பு இல்லை. எந்த மருந்து என்றும் இல்லை. ஆனால் தேதி இருந்தது.

அதன் பிறகு செய்ய வேண்டியவை தெளிவாகிவிட்டன. ஓர் அமைப்பில் முன்னாள் படைவீரர்களுக்குக் கட்டணமின்றி உதவும் சேவை அலுவலர் எங்களுக்கு வழிகாட்டினார். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த மேல்முறையீட்டுச் சட்டத்தின்படி மறுக்கப்பட்டவருக்கு மூன்று பாதைகள் இருக்கின்றன. புதிய ஆதாரத்துடன் துணைக் கோரிக்கை அனுப்பலாம். அதே ஆதாரத்தை மூத்த அலுவலர் ஒருவர் மறுபடி பார்க்கக் கேட்கலாம். மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். எங்களிடம் புதிய ஆதாரம் இருந்ததால் முதல் பாதை. மறுப்பு வந்த ஓராண்டுக்குள் அனுப்பினால் பழைய கோரிக்கையின் தேதியே செல்லும் என்பதையும் அவர்தான் சொன்னார். எங்களுக்கு ஏழு வாரம் மீதி இருந்தது. அண்ணனை முதலுதவி முகாமுக்கு வண்டியில் கொண்டுபோன நண்பர் ஒருவரைத் தேடிப் பிடித்தோம். கண்ணுக்குள் இரத்தம் நிறைந்திருந்ததைத் தாம் பார்த்ததாக அவர் கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்தார். சாதாரண மனிதர் தம் கண்ணால் கண்டதைச் சொல்லும் இத்தகைய வாக்குமூலத்தைத் துறை ஆதாரமாகக் கருதி எடைபோட வேண்டும். மருத்துவர் தம் கடிதத்தில், எந்தப் பதிவுகளைப் படித்தார், கோனியோஸ்கோப்பியில் எதைக் கண்டார், ஒரு கண்ணில் மட்டும் அழுத்தம் இவ்வளவு உயர்ந்திருப்பதைப் பரம்பரைக் காரணம் ஏன் விளக்காது, அடிபட்டு இத்தனை ஆண்டு கழித்து நோய் வெளிப்படுவது ஏன் இயல்பானது என்பதையெல்லாம் வரிசையாக எழுதி, தொடர்பு இருப்பதற்கு 'குறைந்தது பாதிக்குப் பாதி வாய்ப்பு' என்று முடித்திருந்தார்.

அந்தக் கடைசிச் சொற்றொடர் முக்கியமானது. இங்கே நூற்றுக்கு நூறு மெய்ப்பிக்க வேண்டியதில்லை. ஆதரவாகவும் எதிராகவும் உள்ள ஆதாரங்கள் ஏறத்தாழச் சமமாக நின்றால், ஐயத்தின் பயன் படைவீரருக்கே போக வேண்டும் என்பது சட்டம். 1990-இல் முன்னாள் படைவீரர் மேல்முறையீட்டு நீதிமன்றம் கில்பர்ட் வழக்கில் இதை விளக்கும்போது பேஸ்பால் ஆட்டத்தை உவமையாகக் காட்டியது: பந்தும் ஓடுபவரும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தால் தீர்ப்பு ஓடுபவருக்கு. எந்தச் சட்டத்திலும் நான் படித்த மிகக் கண்ணியமான விதிகளில் இது ஒன்று. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தட்டு சமமாக நிற்பதற்கே தராசின் ஒரு பக்கத்தில் ஏதாவது ஒன்றை வைக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் முதல் முறை நாங்கள் எதையுமே வைக்கவில்லை. வைக்க வேண்டும் என்பது அண்ணனுக்கே தெரியாத ஒன்றை ஒரு லென்ஸ் கண்டெடுத்துக் கொடுத்தது.

எட்டுத் திசைகள்

மறு சோதனை இம்முறை முறையாக நடந்தது. இழப்பீட்டுக்கான பார்வைப் புலத்தை எப்படி அளக்க வேண்டும் என்பதை விதி தெளிவாகச் சொல்கிறது. வழக்கமான இருபத்துநான்கு டிகிரிப் படம் போதாது. கோல்ட்மன் முறையிலோ அதற்கு இணையாக நகரும் ஒளிப்புள்ளியைக் கொண்டோ, ஓரத்திலிருந்து உள்நோக்கி வரும் புள்ளி எப்போது முதலில் தெரிகிறது என்று பார்க்க வேண்டும். பிறகு எட்டுத் திசைகளில் கிடைத்த டிகிரிகளைக் கூட்டி எட்டால் வகுக்க வேண்டும். இயல்பான கண்ணுக்கு வெளிப்புறம் 85, வெளிக்கீழ் 85, கீழே 65, உட்கீழ் 50, மூக்குப் பக்கம் 60, உள்மேல் 55, மேலே 45, வெளிமேல் 55. மொத்தம் 500. அண்ணனின் வலக்கண்ணில் அதே வரிசையில் 40, 38, 25, 12, 8, 9, 14, 30. கூட்டினால் 176, எட்டால் வகுத்தால் 22. இடக்கண்ணின் சராசரி 41.

2022-இன் தொடக்கத்தில் வந்த கடிதம், வலக்கண் கிளாக்கோமா பணித்தொடர்புடையது என்று ஏற்றுக்கொண்டது. அண்ணன் அந்தக் கடிதத்தை மேசைமேல் வைத்து, உள்ளங்கையால் நீவி நீவிச் சமப்படுத்திக்கொண்டே இருந்தார். பணத்தைப் பற்றி அவர் அன்றைக்குப் பேசவில்லை. "நான் பொய் சொல்லவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்" என்றார். யாரும் அவரைப் பொய்யர் என்று சொன்னதில்லை. ஆனால் மறுப்புக் கடிதம் வந்த நாளிலிருந்து அவர் அதை அப்படித்தான் சுமந்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

விழுக்காடு பத்து. ஒரு கண் மட்டும் பணித்தொடர்புடையதாக இருந்து, அதில் எஞ்சிய புலம் 16 முதல் 30 டிகிரிக்குள் இருந்தால் பத்துதான். 6 முதல் 15 வரை சுருங்கினால் இருபது; 5 டிகிரிதான் மிச்சம் என்றால் முப்பது. கண்ணே அகற்றப்பட்டாலன்றி, ஒற்றைக் கண்ணின் பார்வை இழப்புக்கு முப்பதுக்கு மேல் இல்லை. தொடர்ந்து மருந்து தேவைப்படும் கிளாக்கோமாவுக்குக் குறைந்தது பத்து விழுக்காடு உண்டு என்ற விதியும் இருக்கிறது. அது நல்ல விதி. சொட்டு மருந்தால் நோய் அடங்கி நிற்பவரை, நோயே இல்லாதவர் என்று தள்ளிவிடாமல் அது காக்கிறது. 2025-ஆம் ஆண்டு விகிதப்படி பத்து விழுக்காட்டுக்கு மாதம் 175.51 டாலர். வலக்கண்ணுக்கான சிகிச்சையும் மருந்தும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. இதை நான் சிறிதாக நினைக்கவில்லை. மாதாமாதம் மருந்தின் விலையைப் பார்த்துப் புட்டியில் சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்த வீட்டில் அது பெரிய ஆறுதல்.

மற்றக் கண்

ஆனால் மனிதர் இரண்டு கண்களால் பார்க்கிறார். சட்டம் இங்கே ஒரு கண்ணால் மட்டும் பார்க்கிறது. பணித்தொடர்பு ஒரு கண்ணுக்கு மட்டும் என்றால், மறு கண் 20/40, அதாவது ஏறத்தாழ நல்ல, பார்வையுடன் இருப்பதாக வைத்துக்கொண்டு கணக்கிட வேண்டும் என்பது விதி. அந்தக் கண் உண்மையில் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்பதில்லை. அண்ணனின் இடக்கண்ணிலும் கிளாக்கோமா இருக்கிறது. அதில் அடி எதுவும் படவில்லை. கோணம் ஒழுங்காக இருக்கிறது. கோணம் கிழிந்து கிளாக்கோமா வந்தவர்களுக்கு மறு கண்ணிலும் அந்த நோய் வழக்கத்தைவிட அதிகமாகக் காணப்படுகிறது என்பது மருத்துவர்கள் அறிந்ததே. இயல்பிலேயே வடிகால் பலவீனமாக இருந்தவர்களுக்கே அடியும் நோயாக முற்றுகிறது என்று அதற்குக் காரணம் சொல்கிறார்கள். அந்த விளக்கம் இடக்கண்ணைப் படைப்பணியிலிருந்து பிரித்துவிடுகிறது. எங்கள் மருத்துவர் நேர்மையானவர். தமக்கு உறுதியில்லாத ஒன்றை எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நான் அவரை வற்புறுத்தவில்லை. வலக்கண்ணுக்கு அவர் எழுதிய கடிதத்தின் பலமே அந்த நேர்மைதான்.

இரண்டு கண்களும் கணக்கில் வந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று ஓர் இரவு அட்டவணையை வைத்துக்கொண்டு பார்த்தேன். 22 டிகிரிப் புலத்தை 20/100 பார்வைக்கும் 41 டிகிரிப் புலத்தை 20/70 பார்வைக்கும் ஈடாகக் கொள்ளலாம். இரண்டையும் சேர்த்தால் முப்பது விழுக்காடு. அதற்குத் தனி ஒருவருக்கான தொகை, அதே 2025 விகிதப்படி, மாதம் 537.42 டாலர். இந்த வேறுபாட்டைச் சட்டமும் முழுவதுமாக மறந்துவிடவில்லை. ஒரு கண் பணித்தொடர்புடையது, மறு கண் அப்படியல்ல என்றாலும், இரண்டிலும் பார்வை 20/200 அல்லது அதற்குக் கீழே போய்விட்டாலோ, இரண்டிலும் புலம் 20 டிகிரிக்குள் சுருங்கிவிட்டாலோ, இரண்டுமே பணித்தொடர்புடையவை என்பதுபோல் இழப்பீடு வழங்கலாம். முன்பு இந்த வரம்பு இன்னும் கடுமையாக இருந்தது. 2007 டிசம்பரில் கையெழுத்தான டாக்டர் ஜேம்ஸ் ஆலன் முன்னாள் படைவீரர் பார்வைச் சமநீதிச் சட்டம் அதைத் தளர்த்தியது. அதற்காகப் பாடுபட்டவர்களுக்கு நான் நன்றியுடையவன். இருந்தாலும் அந்த வரம்பு, சட்டப்படி பார்வையற்றவர் என்று சொல்லப்படும் நிலையின் வாசல். அந்த வாசலுக்கு வரும் வரை அண்ணனின் இடக்கண் நல்ல கண்ணாகவே ஏட்டில் இருக்கும். மருத்துவர்களும் அண்ணியும் நானும் அந்த வாசலுக்கு அவர் ஒருபோதும் போகக் கூடாது என்றுதான் ஒவ்வொரு நாளும் பாடுபடுகிறோம்.

இதைவிட என்னை அதிகம் வருத்துவது அவருடைய தொழில். இழப்பீட்டு விழுக்காடு என்பது உழைத்துப் பொருளீட்டும் திறனில் சராசரியாக ஏற்படும் குறைவின் அளவு என்றுதான் சட்டம் சொல்கிறது. மாநிலம் விட்டு மாநிலம் லாரி ஓட்டுவதற்கான கூட்டரசு மருத்துவத் தகுதி விதியோ, 2021-இல், ஒவ்வொரு கண்ணுக்கும் கிடைமட்டத்தில் குறைந்தது 70 டிகிரிப் புலம் வேண்டும் என்றது. அண்ணனின் வலக்கண்ணில் வெளிப்புறம் 40, உட்புறம் 8. இரண்டும் சேர்ந்து 48. தகுதிச் சோதனைக்குப் போகாமலே 2021-இல் அவர் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். யார்மீதாவது ஏற்றிவிடுவோமோ என்ற பயத்தில் அவராகவே எடுத்த முடிவு அது. இப்போது ஒரு கிடங்கில் பகல் நேரத்தில் கணக்குப் பார்க்கிறார். ஒரே நாட்டின் இரண்டு விதிப்புத்தகங்களில், ஒரே கண் ஒன்றில் பத்து விழுக்காட்டு இழப்பாகவும் மற்றொன்றில் தொழில் முழுவதற்கும் தடையாகவும் இருந்தது. சராசரி என்ற சொல்லுக்குள் எல்லாத் தொழில்களும் அடங்கும் என்பது எனக்குப் புரிகிறது. மேசையில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு அந்தக் கண் உண்மையிலேயே பத்து விழுக்காட்டு இழப்பாக இருக்கலாம். ஆனால் படையே கற்றுக்கொடுத்த தொழிலை, படையில் பட்ட அடி பறித்துக்கொண்டபோது, சராசரியைக் காட்டி ஆறுதல் சொல்ல என்னால் இயலவில்லை.

இதில் மாற்றக்கூடியது எது என்று யோசிக்கும்போது நான் மீண்டும் அந்த லென்ஸுக்கே வருகிறேன். கண்ணுக்குள் இரத்தம் தேங்கும் அளவுக்கு அடிபட்ட எந்தப் படைவீரரையும், படையிலிருந்து விலக்கும் முன் ஒருமுறை கோனியோஸ்கோப்பி செய்து, அழுத்தத்தை அளந்து, கோணம் எத்தனை பாகம் கிழிந்திருக்கிறது என்று எழுதிவிட்டால், பத்தாண்டு கழித்து வரும் நோய்க்கு அன்றைக்கே தேதி கிடைத்துவிடும். சில நிமிட வேலைதான். அதைவிடவும் பெரிய நன்மை ஒன்று உண்டு: கிழிசல் இருப்பது தெரிந்தால் ஆண்டுதோறும் அழுத்தம் பார்க்கச் சொல்லியிருப்பார்கள், 2019-இல் 34 என்று கண்டதை எப்போதோ 24 ஆக இருக்கும்போதே கண்டிருப்பார்கள். அண்ணனுக்கு இழப்பீடே தேவைப்படாமல் போயிருக்கலாம். படைப்பணியில் கண்ணில் அடிபட்ட யாராவது இதைப் படித்தால், எத்தனை ஆண்டு கடந்திருந்தாலும், பார்வை எவ்வளவு தெளிவாக இருந்தாலும், அந்த அடியைக் கண் மருத்துவரிடம் சொல்லுங்கள். கோணத்தைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கோரிக்கைப் படிவத்திலும் நோயின் பெயரோடு நிறுத்தாமல் அந்த அடியை எழுதுங்கள். ஐந்து நாளில் குணமானது என்று கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள்.

சென்ற மாதமும் சோதனைக்குப் போய்வந்தோம். ஒரே புட்டியிலிருந்து இரவு தோறும் இரண்டு கண்களுக்கும் மருந்து விடுகிறார். வலக்கண்ணில் விழும் சொட்டு நாட்டின் பொறுப்பு, இடக்கண்ணில் விழுவது அவர் பொறுப்பு. சோதனை முடிந்து வெளியே வந்ததும் காரில் உட்கார்ந்து, கையடக்க நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். கோடுகளின் ஓரம் தவறிப்போவதால் இப்போதெல்லாம் அவர் சொல்ல நான்தான் எழுதுகிறேன். "வலம் 16. இடம் 17. இடக்கண்ணின் கோணத்தையும் பார்த்தார்கள், திறந்திருக்கிறது, அதையும் எழுது" என்றார். எழுதி மூடப்போனேன். கையை நீட்டித் தடுத்தார்.

"தேதியைப் போடவில்லையே, தம்பி."